ஸ்பீடு, அண்ணாச்சி

ஆகஸ்ட் 4, திங்கள்

விமானக் கம்பெனியின் நேர்முகத்துக்குத் தயார் செய்யும் மையம் என்றால் கண்ணாடிக் கட்டடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடி. படுக்கையறையாக இருந்த இடத்தில் போலியாக ஒரு விமானி அறை: இரண்டு நாற்காலி, நான்கு திரை, நடுவில் ஒட்டுப்பலகையில் செய்த மேடை. பக்கத்துச் சமையலறையில் யாரோ ரசம் தாளித்தார்கள். பத்தாயிரம் அடி உயரத்தில் பெருங்காய வாசனையோடு பறந்தோம்.

நடத்துபவர் கேப்டன் பிரசன்னா. முன்பு எங்கோ பறந்தவர். எங்கே, ஏன் விட்டார் என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறார்.

"உன் பேரு ரொம்ப நீளம்மா. ஷென்னு கூப்பிடலாமா?" என்றார். கேட்பதற்கு முன்பே வெள்ளைப் பலகையில் ஷென் என்று எழுதியிருந்தார். கோவில்பட்டியில் அம்மனுக்கும் செண்பகவல்லி என்றுதான் பெயர். அம்மனுக்கு யாரும் ஷென் என்று அர்ச்சனை செய்வதில்லை.

சின்ன ஊர்களுக்கு எழுபது பேர் உட்காரும் விசிறி விமானங்களை ஓட்டும் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது. ஹைதராபாத்தில் ஒருநாள் நேர்முகம், மறுநாள் சிமுலேட்டர். அதற்காகத்தான் இங்கே மூன்று பேர். ஒருவன் நிரஞ்சன், அப்பா பெரிய விமானி, அதனால் பயிற்சியில் அவனுக்கு ஜோடி கேப்டனே. மிச்சம் இருந்த என்னை மிச்சம் இருந்த இன்னொருவருடன் சேர்த்தார்கள். பெயர் தவசிமுத்து, நாசரேத் பக்கம். முப்பத்தேழு வயது. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்துகொண்டே விமானி உரிமம் எடுத்தவராம். இதுவரை நான்கு கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன.

"தங்கச்சி எந்தூரு? கோயில்பட்டியா? அப்பம் நம்ம பக்கந்தான்!" என்று என் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

நம்ம பக்கமாம். இவரைப் போன்றவர்களோடு என்னைச் சேர்க்காமல் இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவு படித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஹாஸ்டல் இட்லி. அதைப் பற்றி எழுதி மையை வீணாக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' பயிற்சி. இது விமானம் ஓட்டுவதைவிடக் கடினம் என்பது கேப்டனின் கருத்து. பல் எவ்வளவு தெரியச் சிரிக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் அளவு இருக்கிறது.

"அம்மா என்ன பண்றாங்க, ஷென்?"

"ஆபீசுக்குப் போறாங்க சார்."

"வெரி குட். எந்த ஆபீஸ்?"

"தீப்பெட்டி ஆபீஸ்."

நிரஞ்சன் நாற்காலியோடு திரும்பினான். "தீப்பெட்டிக்கெல்லாம் ஹெட் ஆபீஸ் இருக்கா என்ன?"

எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அம்மா இருபது வருடமாக ஆபீசுக்குப் போகிறாள். போய்த் தீப்பெட்டிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துத் தாளில் பொதிகிறாள். இதை இவர்களுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. தவசிமுத்துதான் விளக்கினார், நான் கேட்காமலே.

கேப்டன் யோசித்துவிட்டு ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுத்தார்: அம்மா உற்பத்தித் துறையில் இருக்கிறார். "பொய் இல்ல பாரு. ஆனா எவ்ளோ ஒசரமா இருக்கு!"

என் பலவீனம் என்னவென்று கேட்டால் 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று சொல்ல வேண்டுமாம். மூன்று பேருக்கும் அதே பலவீனம்தான். ஹைதராபாத்தில் எங்களைப் பார்க்கும்போது ஏதோ தொற்றுநோய் என்று நினைப்பார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

இதை எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டு விமானிகளில் ஒருவர் ஓட்டுவார். மற்றவர் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேகம் தப்பினால் பார்ப்பவர் 'ஸ்பீடு' என்று உரக்கச் சொல்ல வேண்டும். திசை தப்பினால் 'ஹெடிங்'. இறங்கும்போது ஆயிரம் அடிக்குள் எல்லாம் சீராக அமையவில்லையென்றால் 'கோ அரவுண்ட்' என்று சொல்ல வேண்டும்; ஓட்டுபவர் மறுபேச்சில்லாமல் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒற்றைச் சொல். கிளிகூடச் சொல்லும்.

தவசிமுத்து ஓட்டினார். வேகம் இறங்கியது. நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். 'ஸ்பீடு' என்ற சொல் மொட்டையாக நாக்கு நுனியில் நின்றது. என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர், வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பவர். அவர் முகத்துக்கு நேரே, நாயை அதட்டுவதுபோல் ஒற்றைச் சொல்லை எப்படி எறிவது?

"ஸ்பீடு... அண்ணாச்சி" என்றேன்.

பின்னாலிருந்து நிரஞ்சன் வெடித்தான். "அண்ணாச்சி, அப்டியே அரைக் கிலோ துவரம்பருப்பு!" கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர் மட்டும்தான் போலிருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, "காக்பிட்ல அண்ணனும் இல்ல, அண்ணாச்சியும் இல்ல, ஷென். வார்த்தைய மட்டும் போடு" என்றார்.

தவசிமுத்துவும் சிரித்தார், வெட்கமில்லாமல். "சொல்லிட்டுப் போகட்டும் சார், கேக்க நல்லாத்தான இருக்கு."

அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன். மற்றவர்களுடையதைக்கூட மன்னிக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா போன் செய்தாள்.

"ஏத்தா, இது எழுத்துப் பரிச்சையா, ஓட்டிக் காட்டணுமா?"

"ஓட்டிக் காட்டணும்மா."

"நெசப் பிளேனா?"

"இல்ல. அதே மாதிரி செஞ்சு வச்சிருப்பாங்க. ஒரு பெரிய பெட்டி. காலு முளைச்சு ஆடும்."

"பொம்மைக்கா இம்புட்டுப் பயப்படுத?"

நான் பயப்படுவதாகச் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நிரஞ்சன் இன்று திசைமானி இருக்க உயரமானியைப் பார்த்துத் திரும்பினான். கேப்டன், "நல்ல இன்ஸ்டிங்க்ட், ஆனா" என்று ஆரம்பித்தார். பெரிய விமானியின் மகன் செய்தால் தவறுக்கும் நல்ல பெயர்.

துணி துவைத்தேன். சோப்புத் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

தவசிமுத்துவின் ஓட்டத்தில் ஒரு நோய் இருக்கிறது. எனக்கு அது பிடிபட்டுவிட்டது. இறங்கும்போது இறக்கையின் மடிப்பை நீட்டினால் காற்று இழுக்கும். என்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் விசை கொடுக்க வேண்டும். இவர் பாதையைப் பிடிப்பதிலேயே கண்ணைக் குத்தி வைத்திருப்பார். விசையை மறந்துவிடுவார். வேகம் வழியும், சட்டியில் ஓட்டை விழுந்ததுபோல. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே மறதி.

இன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பானது. விழுந்துவிட்டோம்.

"ஷென்! ஏன் 'ஸ்பீடு'ன்னு கால் பண்ணல?" என்று கேப்டன் கத்தினார்.

தவசிமுத்து குறுக்கே வந்தார். "புள்ள கவனிச்சிருக்காது சார். என் தப்புத்தான். புள்ளைய ஏசாதீய."

கவனிக்கவில்லையாம்! அந்த முள் எந்த எண்ணில் நடுங்கியது என்றுகூட எனக்குத் தெரியும். கவனிக்காமல் இருக்க நான் என்ன நிரஞ்சனா?

ஆகஸ்ட் 19, செவ்வாய், ரயிலில்

ஹைதராபாத்துக்குச் சேர்ந்து போகிறோம். நிரஞ்சன் விமானத்தில் வருகிறானாம். தவசிமுத்துவின் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறும் வறுத்த கருவாடும் பெட்டி முழுக்க மணத்தது. எதிரே இருந்த அம்மாள் மூக்கை மூடிக்கொண்டாள். அவர் அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினார்.

இரண்டு பெண் பிள்ளைகளாம். பெரியவள் ஆறாம் வகுப்பு. "வீட்டுக்காரிட்ட சொல்லிட்டேன் தங்கச்சி, இதான் கடேசி. இதுலயும் இல்லன்னா வெள்ளச் சட்டைய மடிச்சு வச்சிருவேன், பழையபடி சரக்குப் பொட்டிதான்னு."

"கெடைக்கும் அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சோறு நன்றாக இருந்தது. கேட்டதால் மட்டும் எழுதுகிறேன். அவர் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நேர்முகம் முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மழையில் ஓடுபாதை வழுக்குவது பற்றி, ஒரு என்ஜின் நின்றால் விசிறி இதழ்களை ஏன் காற்றுக்கு நேராகத் திருப்புகிறோம் என்பது பற்றிக் கேட்டார்கள். குரல் மெதுவாக வந்தது. விடை எல்லாம் சரியாக வந்தது.

கடைசியில் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். உற்பத்தித் துறையில் இருக்கிறார் என்றேன். மூவரும் தலையசைத்தார்கள். அவ்வளவு சுலபம்.

நிரஞ்சன் அரை மணி நேரம் உள்ளே இருந்தான். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

நாளை சிமுலேட்டர். இங்கேயும் தவசிமுத்துவும் நானும்தான் ஜோடி. எங்கள் விண்ணப்பங்கள் அடுத்தடுத்து வந்ததாம். பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடப்போவது ஒரு பெண் கேப்டன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நடந்தது நடந்தபடி.

காலையில் கேன்டீனில் தவசிமுத்து தேநீரை ஆறவைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"உள்ள நான் எதும் தப்பு விட்டா, வாயால சொல்லாத. வெரலால அந்த மீட்டரக் காட்டிரு, போதும். நான் பாத்துத் திருத்திக்கிடுதேன். போன எடத்துல பக்கத்துல இருந்தவன் கத்துகத்துன்னு கத்துனான். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இருந்தவரு பேனாவ எடுத்தாரு. அதுலதான் எனக்குப் போச்சு."

மாட்டேன் என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது வராது. "சரி அண்ணாச்சி" என்றேன்.

முதலில் நான் ஓட்டினேன். நன்றாக ஓட்டினேன், அடக்கத்துக்காகக் குறைத்து எழுத மாட்டேன். பெட்டி ஆடியது, மேகம் மூடியது, என்ஜின் ஒன்று நின்றது, செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தேன். நான்கைந்து பாகை திசை நகர்ந்தது. எல்லாருக்கும் நகரும். அப்போது பக்கத்திலிருந்து, "ஹெடிங்!" என்றார் தவசிமுத்து.

மொட்டையாக. பெட்டி அதிர. தங்கச்சி இல்லை, ஒன்றும் இல்லை. பின்னால் பேனா உரசும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "ஹெடிங்!"

தன் தவறை விரலால் காட்டச் சொன்ன மனிதர், என் தவறை ஊர் கேட்கக் கூவுகிறார். இரண்டு முறை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு அவர் ஓட்டினார். ஏற்றம் பரவாயில்லை. நின்றுபோன என்ஜினையும் சமாளித்தார். இறங்கத் தொடங்கினோம். இரண்டாயிரம் அடியில் மடிப்பை நீட்டச் சொன்னார், நீட்டினேன். வேகம் வழியத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த அதே நோய்.

விரலை நீட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. பாதையின் முள்ளிலேயே கண் இருந்தது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சொன்னபடி செய்தாகிவிட்டது.

ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து இருநூறு. ஆயிரம் அடி என்று இயந்திரக் குரல் சொன்னது. அவர் கழுத்தில் வியர்வை காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எழுநூறில், "கோ அரவுண்ட்" என்றேன். தெளிவாகத்தான் வந்தது. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விசையைத் தள்ளி, மூக்கைத் தூக்கி, மேலே ஏற்றிவிட்டார். விழவில்லை. யாரும் விழவில்லை.

அதன்பின் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். முதலில் நான். அந்தப் பெண் கேப்டன் நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்:

"ஆயிரம் அடியில் சொல்ல வேண்டியதை எழுநூறில் சொன்னாய். அதற்கு முன்னால் விரலால் காட்டினாய். பேச்சு வராதா?"

குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீழே ஏதோ எழுதப்போனார். என்ன எழுதப்போகிறார் என்று தெரிந்தது.

"சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார்" என்றேன்.

பேனா நின்றது. "எப்போது?"

"இன்று காலை. கேன்டீனில். தவறு தெரிந்தால் உங்களுக்குக் கேட்காமல் விரலால் காட்டச் சொன்னார்."

"நீ சம்மதித்தாயா?"

"அவர் வயதில் மூத்தவர்."

"எங்கள் ஊரிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார். "வேகம் குறைகிறது என்று உனக்கு எப்போது தெரிந்தது?"

"இரண்டாயிரத்தில்."

என்னையே பார்த்தார். "கண் நன்றாக இருக்கிறது" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. என் தாளை வைத்துவிட்டு இன்னொரு தாளை எடுத்து அதில் எழுதினார்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன். பயணிகளை ஏற்றிப்போகும் வேலையில் இப்படி ரகசிய ஒப்பந்தம் போடுகிற ஆள் இருக்கக் கூடாது என்பது யாருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டிருந்தால்தான் தவறு.

தவசிமுத்து உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"என்னட்ட ஒண்ணுமே கேக்கல தங்கச்சி. நல்லதா, கெட்டதா? உன்னப் பத்தி மட்டும் நானாச் சொன்னேன், புள்ளைக்குக் கண்ணு கூர்மை, வாய்தான் கம்மின்னு. சரிதான?"

"நீங்க மட்டும் ஏன் ஹெடிங்குன்னு கத்துனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குப் புரியவே இல்லை. "சத்தமாச் சொன்னாத்தான நீ திருத்துவ? நீ என்னட்ட அப்படி ஒண்ணும் கேக்கலியே."

ஆகஸ்ட் 22, வெள்ளி, ரயிலில்

மேல் படுக்கையை எடுத்துக்கொண்டேன். தலைவலி என்று சொன்னேன். விஜயவாடாவில் அவர் வடை வாங்கி மேலே நீட்டினார். சாப்பிட்டேன். வடையில் உப்பில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கிடைத்துவிட்டது.

மின்னஞ்சலை நாலைந்து முறை படித்தேன். நிரஞ்சனுக்கும் கிடைத்திருக்கிறது, அவனுக்குக் கிடைக்காமல் இருந்தால்தான் செய்தி. கேப்டன் பிரசன்னா தன் முகநூல் பக்கத்தில் எங்கள் இருவர் படத்தையும் போட்டு, "எங்கள் தயாரிப்புகள்" என்று எழுதியிருக்கிறார். தீப்பெட்டி மாதிரி.

அம்மா போனில் அழுதாள். ஆபீசில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாளாம். "ஏத்தா, மேனேசரே எந்திரிச்சு நின்னு வாங்குனாரு" என்றாள். நேர்முகத்தில் அவளைப் பற்றி என்ன கேட்டார்கள் என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

தவசிமுத்துவுக்கு இல்லை. கேப்டன் சொல்லித்தான் தெரியும். அந்தக் கம்பெனிக்கு இனி அவர் விண்ணப்பிக்கவே முடியாதபடி ஏதோ எழுதிவிட்டார்களாம். "என்ன பண்ணித் தொலைச்சாருன்னு தெரியலையே ஷென்" என்றார். எனக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவரே கூப்பிட்டார். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.

"ஏ தங்கச்சி! வாழ்த்துக்கள். எங்க வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சி பைலட்டுன்னு. பெரியவ உங்கூடப் பேசணுங்கா. இரி, குடுக்கேன்."

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. என்னைப் போலவே கூச்சம் போலிருக்கிறது. அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரக்குப் பக்கம் திரும்பச் சேந்துட்டேன். பழைய எடந்தான், பழைய ஆளுகதான். ஒரு கொறையுமில்ல." பிறகு கேட்டார்: "எனக்கு என்னத்துல போச்சுன்னு ஒனக்கு எதும் தெரியுமா, தங்கச்சி?"

"தெரியல அண்ணாச்சி."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"சரி விடு" என்றார். "இனிம பறக்கப் போற எடத்துல யாரு தப்பு விட்டாலும் ஒடனே சொல்லிரு, என்ன? மூத்தவன், எளையவன் பாக்காத. ஆயிரம் அடியிலயே சொல்லிரு. பொறவு சொல்லி என்னத்துக்கு?"

வைத்துவிட்டார்.

எனக்குப் பாடம் எடுக்கிறார், ஐந்து கம்பெனி திருப்பி அனுப்பிய மனிதர்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சீருடைக்கு அளவு எடுத்தார்கள். தோள் சிறியதாம், பட்டை தொங்குமாம். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. இந்த ஊர்க் கொசுவுக்கு ஒரு மரியாதையும் தெரியாது.